அருங்காட்சியகத்துக்கு மொய்

ஜூன் 3, செவ்வாய்

நேற்றைய மழையில் மாடியின் மேற்கு மூலை மறுபடியும் ஒழுகிவிட்டது. ரங்கூன் சலூன் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஒழுகும் இடத்தில் சத்திரத்து அண்டாவை வைத்தேன். ஒரு காலத்தில் ஊருக்கே சோறு பொங்கிய அண்டா இப்போது மழைத்தண்ணீர் பிடிக்கிறது. சும்மா கிடப்பதற்கு இதுவாவது ஒரு வேலை.

துறைக்குத் தினமும் பணிக்குறிப்பு அனுப்ப வேண்டும். "பொருட்கள் பாதுகாப்பாக உள்ளன" என்று அனுப்பிவிட்டேன். மற்றதை எழுதத்தான் இந்த நோட்டு.

நான் ஆலங்கோட்டை நகர வரலாற்று அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர். டிசம்பர் வரை ஒப்பந்தம். அருங்காட்சியகம் என்று வாய்நிறையச் சொன்னாலும், பழைய பேருந்து நிலையம் இருந்த இடத்தில் தூண்கள் மட்டும்தான் எழும்பி நிற்கின்றன. கம்பிகள் துருப்பிடித்துவிட்டன, நிழலில் ஆடுகள் படுத்திருக்கின்றன. நான் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிய பொருட்களெல்லாம், மூடிக்கிடந்த இந்தத் தண்ணீர் வரி அலுவலகத்து மாடியில் இருக்கின்றன. கட்டடச் செலவில் பாதியை அரசு தரும். மீதியை மாநகராட்சியும் வர்த்தகர் சங்கமும் ஆளுக்குப் பாதி போட வேண்டும் என்பது ஏற்பாடு. மாநகராட்சியிடம் காசில்லை. சங்கத்திடம் காசு இருக்கிறது, மனசில்லை. இரண்டு வருடமாக இதே கதை.

இன்று எழுத வந்தது வேறு விஷயம். கடைத்தெருவில் மாவு மில் காதர் மஸ்தான் பாயைப் பார்த்தேன். அவர் வாப்பா நடத்திய டூரிங் டாக்கீஸின் மணியை எனக்குக் கொடுத்தவர். கொடுத்த அன்று அதைத் தானே ஒருமுறை அடித்துக் காட்டி, டீ வாங்கிக் கொடுத்து, ஆட்டோ வரைக்கும் வந்து வழியனுப்பினார். இன்று "வணக்கம் பாய்" என்றேன். பக்கத்துக் கடை வாழைத்தாரை உற்றுப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டார். வாழைத்தாரில் அப்படி என்ன இருந்தது?

ஜூன் 9, திங்கள்

மாநகராட்சிக் கூட்டம். பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வர்த்தகர் சங்கத் தலைவர் வீரசேகரன் பேசினார். தேங்காய் மொத்த வியாபாரி, வெள்ளைச் சட்டை, தொண்டை பெரியது. முன்கூடத்துக்குத் தன் அப்பா முத்தையா பேரை வைத்தால்தான் சங்கத்துப் பணம் வரும் என்றார். அரசுப் பணத்தில் கட்டும் கட்டடத்துக்குத் தனியார் பேர் வைக்க விதியில்லை என்றார் ஆணையர்.

"எங்க அப்பா இல்லன்னா இந்த ஊர்ல சந்தையே கிடையாது. வரலாத்துக்குன்னு வீடு கட்டுறிய, அந்த வரலாத்தோட பேர வைக்க மாட்டேங்கிறிய. இது என்ன நியாயம்ங்கிறேன்?"

அவர் கேட்பதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. எதிராளி முழு முட்டாளாக இருந்தால் எவ்வளவு வசதி. கூட்டத்தை ஒத்திவைத்து, எல்லாருக்கும் போண்டா கொடுத்தார்கள்.

ஜூன் 12, வியாழன்

அண்ணன் போன் செய்தார். எடுக்கவில்லை. நான் வீட்டைவிட்டுத் தனியாக வந்த வருடம் அவர் கொடுத்த பணத்தை, வேலை கிடைத்ததும் ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். யாருக்கும் பாக்கி வைக்காமல் இருப்பது ஒரு நிம்மதி. கரையான் மருந்து வாங்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

சலூன் பவுன்ராஜ் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த தன் தாத்தாவின் நாற்காலியைத் திருப்பிக் கேட்டார்.

"ஏன் பவுன்ராஜ், நல்லாத்தானே வச்சிருக்கேன்? வாரம் ரெண்டு தடவ தொடைக்கேன்."

"நாக்காலிய நல்லாத்தான் வச்சிருக்கிய. மனுசன வச்சிருக்கிற விதந்தான் தெரிஞ்சுபோச்சே."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வாரம் வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நான் அவருக்கு என்ன செய்தேன் என்று நாள் முழுக்க யோசித்தேன். ஒன்றுமே செய்யவில்லை. அவர் மகனுக்குப் போன மாதம் கல்யாணம் நடந்தபோதுகூட நான் எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. பத்திரிகை வந்தது, மேசை இழுப்பறையில் போட்டேன். அங்கே இதுபோல நிறையக் கிடக்கின்றன. பொருள் கொடுத்தவர்கள் எல்லாரும், சொல்லிவைத்தாற்போல, பத்திரிகை அனுப்புகிறார்கள். காதுகுத்து, சடங்கு, நிக்காஹ், வீடு குடிபுகுதல். ஒரு அதிகாரிக்கு மரியாதைக்காக அனுப்புகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 25, புதன்

விஷயம் தெரிந்துவிட்டது. சொன்னவர் கவுன்சிலர் மீனலோசனி. அரிசி மண்டி நடத்துகிறவர், சிரிக்காமல் கிண்டல் செய்வார். கரையான் மருந்துக்கு அவர் வார்டு நிதியில் கையெழுத்து வாங்கப் போன இடத்தில், பவுன்ராஜ் விஷயத்தைச் சும்மா சொல்லிவைத்தேன்.

"பத்திரிக வந்துச்சுல்ல? போனியளா?"

"நான் யாருன்னு சொல்லிப் போறது மேடம்?"

"நாக்காலிய வாங்கிக்கிட்டு வந்தப்ப மட்டும் யாருன்னு தெரிஞ்சுச்சா?"

அவர் அரிசி மூட்டைமேல் சாய்ந்துகொண்டு விளக்கினார். இந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் சும்மா கொடுப்பதில்லை. கொடுத்தால் அது நடை. ஒரு வீட்டு விசேஷத்துக்கு மொய் செய்தால், அந்த வீட்டுக்காரர் நம் வீட்டு விசேஷத்துக்கு வந்து அதைத் திருப்பிச் செய்வார். அது பழைய நடை. அதோடு விடக்கூடாது, அதற்குமேல் கொஞ்சம் கூட்டி எழுத வேண்டும். அது புது நடை. அந்தக் கூடுதலை நாம் திரும்பச் செய்ய வேண்டும். இப்படியே பிள்ளைகள் காலம் வரைக்கும் போய்க்கொண்டிருக்கும். நாற்காலியும் மணியும் கொடுத்தவர்கள் என்னோடு நடை ஆரம்பித்திருக்கிறார்கள். நான் ரசீது கொடுத்துவிட்டுப் பத்திரிகையை இழுப்பறையில் போட்டிருக்கிறேன்.

"கூட்டி எழுதாம, வாங்குனத அப்படியே திருப்பிக் குடுத்தா?" என்று கேட்டேன். வெறும் தகவலுக்காகத்தான்.

"அதுக்கு அர்த்தம், ஒங்க ஒறவு எங்களுக்கு வேணாம், முடிச்சுக்கிறோம்னு. மூஞ்சில அடிச்ச மாதிரி."

வெயில் அதிகம். தலைவலிக்கிறது. சாயங்காலம் எந்த வேலையும் ஓடவில்லை.

ஜூன் 26, வியாழன்

வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி சேலை வாங்கிக்கொண்டு பவுன்ராஜ் வீட்டுக்குப் போனேன். புதுப் பொண்ணும் மாப்பிள்ளையும் என் காலில் விழ வந்தார்கள், பதறிப்போனேன். பவுன்ராஜ் முகம் மெல்ல இளகியது. "பிந்தி வந்தாலும் வந்துட்டியள்ல" என்றார். நாற்காலிக்கு வண்டி வராது.

ஜூலை 4, வெள்ளி

அரசிடமிருந்து கடிதம். செப்டம்பர் முடிவதற்குள் உள்ளூர்ப் பங்கு முழுவதும் கட்டப்படாவிட்டால் அனுமதி ரத்தாகும். சேகரித்த பொருட்கள் சென்னைக் கிடங்குக்குப் போகும்.

அந்தக் கிடங்கை நான் பார்த்திருக்கிறேன். எண் எழுதி, சாக்கில் சுற்றி, இரும்பு அடுக்கில் ஏற்றுவார்கள். பிறகு யாரும் அந்தச் சாக்கைப் பிரிப்பதில்லை. "நம்ம ஊர்லயேதான் இருக்கும், ஒங்க பேரப்பிள்ளைகள கூட்டிட்டு வந்து காட்டலாம்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வாங்கியது நான். அரசு சொல்லவில்லை, மாநகராட்சி சொல்லவில்லை. என் வாய்தான் சொன்னது. பயமாக இருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

ஆணையர் அறையில் கூட்டம். நான், மீனலோசனி, வீரசேகரன். வீரசேகரன் பேர் விஷயத்தில் இறங்கவில்லை. சங்கத்துப் பணம் வங்கியில் பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாநகராட்சிப் பங்குக்கான காசு சாக்கடை வேலைக்குப் போய்விட்டது என்று ஆணையர் ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர், வடக்கத்தி மாவட்டத்துக்காரர், எதற்கும் விதிப்புத்தகத்தைப் பார்ப்பார்.

மீனலோசனி டீயை ஆற்றிக்கொண்டே, "மாநகராட்சிப் பங்குக்கு மொய் விருந்து வச்சிருவோம்" என்றார்.

ஆணையர் அதைக் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார். மீனலோசனி சிரிக்கவில்லை. இங்கே போர்வெல் போட, பையனைப் படிக்கவைக்க, பணம் வேண்டுமென்றால் யாரும் வங்கிக்குப் போவதில்லையாம். ஆடி, ஆவணியில் கிடாய் வெட்டி ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டு மொய் எழுதுவார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு வீட்டுக்காரர் இப்படி விருந்து வைக்கலாம்.

மாநகராட்சி பேரில் விருந்து வைக்க விதியில்லை என்று ஆணையர் சொன்னார்.

"மாநகராட்சிக்கு யாரு மொய் செய்வா? வரி கட்டுறதுக்கே அழுகுறாக. மனுசர் பேருலதான் வைக்கணும்." என் பக்கம் திரும்பினார். "மியூசியத்தம்மா பேருல வைப்போம்."

சரி என்றேன். ஒரு பேர்தானே, போட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

மொய் விருந்துப் பத்திரிகை கொடுக்கப் போனதில் காதர் மஸ்தான் பாயின் மில்தான் முதல். அவர் மகள் நிக்காஹுக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்டேன். மெஷினை நிறுத்தினார். மாவுத் தூசி மெல்ல அடங்கியது. பத்திரிகையை இரண்டு முறை படித்தார்.

"ஒங்களுக்குச் சொந்த ஊரு?"

"நாசரேத் பக்கம் பாய்."

"இங்க நெலம், வீடு?"

"இல்ல."

"பிள்ளைக?"

"இல்ல பாய்."

"அப்ப நீங்க போயிட்டா யாரும்மா திருப்பிச் செய்வா?"

"அருங்காட்சியகம் எங்கயும் போகாதுல்லா."

"அது இன்னும் வரவே இல்லையே தாயி. வராதது எப்படிப் போகாம இருக்கும்?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "வாப்பாவோட மணி ஒங்ககிட்ட இருக்கு. நமக்குள்ள ஏற்கனவே நட இருக்கு. நான் வரணும்ல" என்றார். மிக்ஸர் பொட்டலம் ஒன்று கொடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

எல்லா வீட்டிலும் அதே கேள்விகள். ஊர், நிலம், பிள்ளை. இல்லை, இல்லை, இல்லை. முதலில் உறுத்தியது. இப்போது ஒன்று கவனிக்கிறேன், யாரும் இளக்காரமாகக் கேட்பதில்லை. பணம் கொடுக்கும் வங்கி கேட்பதைப்போல்தான் கேட்கிறார்கள். நேற்று ஒருத்தர், "தத்து எடுத்துக்கிறியளா, நல்ல பயலா பாத்துச் சொல்லவா?" என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வரும் வழியில் அண்ணன் போன். எடுத்தேன்.

"என்னட்டி, உசுரோட இருக்கியா?"

அண்ணன் மகள் ஜெபாவுக்கு அக்டோபரில் கல்யாணமாம். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. "பத்திரிக அனுப்பட்டா? வாரதும் வராததும் ஒன் இஷ்டம்" என்றார். அனுப்புங்க என்றேன். பெரிதாக வேறொன்றும் பேசவில்லை.

போனை வைத்தபின் சலூன் நாற்காலியைத் துடைத்தேன். நேற்றுதான் துடைத்தது. பெடலை மிதித்தால் இன்னும் மேலே போகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கை கால் வலிக்கிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

தூண்களுக்கு நடுவில் பந்தல் போட்டோம். ஆடுகளைத் துரத்திவிட்டு அங்கேயே வேறு ஆடுகளைச் சமைத்தோம். அரிசி மீனலோசனி மண்டியிலிருந்து. காலையிலிருந்து நான் சிமெண்டு தூசி படாத ஒரே சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. சமையல்காரர் என்னைப் பாவமாகப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சந்தனக் கிண்ணத்தைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

முதலில் காதர் மஸ்தான் பாய் வந்தார், மகள், மருமகன், மில்லில் வேலை பார்க்கும் ஆட்களோடு. பிறகு பவுன்ராஜ். பவுன்ராஜுக்குப் பின்னால் அவரிடம் முடிவெட்டிக்கொள்ளும் ஊரே வந்தது. அதற்குப்பின் எனக்கு ஒன்றும் தெளிவாக நினைவில்லை. பந்தி மேல் பந்தி. மொய் எழுதும் மேசைகளில் வரிசை சாலை வரைக்கும் போய்விட்டது. பவுன்ராஜ் தன் பேருக்கு நேரே பணத்தோடு "நாற்காலி ஒன்று" என்றும் எழுதச் சொல்லி அடம்பிடித்தார். எழுதுகிறவர் என்னைப் பார்த்தார். எழுதுங்கள் என்றேன்.

நான் பத்திரிகை வைக்காதவர்களும் வந்திருந்தார்கள். ஏன் வந்தீர்கள் என்று ஒரு டெம்போ டிரைவரிடம் கேட்டே விட்டேன். "எங்க மாமா வீட்டுத் தராசு ஒங்ககிட்ட இருக்காமே. அப்ப நமக்கும் ஒறவுதானே?" என்று சொல்லிவிட்டு எலும்பைக் கடித்தார்.

மாநகராட்சிப் பங்கு தேறிவிட்டது. வீரசேகரன் வரவில்லை. சங்கத்துக்காரர்கள் யாரும் அவரைத் தாண்டி வரத் துணியவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தணிக்கையாளர் மறுத்துவிட்டார். மொய் என்றால் திருப்பித் தர வேண்டிய பணம், அது கடன், கடனை நன்கொடைக் கணக்கில் வரவு வைக்க முடியாது என்கிறார். கொடுத்த ஒவ்வொருவரும் "திரும்பப் பெறும் எண்ணம் இல்லை" என்று கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்வாராம். ஆணையர் படிவம் அச்சடித்துக் கொடுத்தார்.

செப்டம்பர் 3, புதன்

படிவங்களோடு போனேன். காதர் மஸ்தான் பாய் வாங்கிப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார். மாவுக் கை பட்ட இடம் வெள்ளையாக இருந்தது.

"திரும்ப வேணாம்னு எழுதிக் குடுக்கணுமா? அப்படின்னா எம் மூத்த மகன் வீட்டுப் பேரன் சுன்னத்துக்கு வர மாட்டியளா?"

"வருவேன் பாய். இது கணக்குக்காக..."

"இதுல கையெழுத்துப் போட்டா நமக்குள்ள ஒண்ணுமில்லன்னு ஆயிரும். நான் என்ன ஒங்களுக்குப் பிச்சையா போட்டேன்? இல்ல நீங்கதான் பிச்ச கேட்டு வந்தியளா?"

பவுன்ராஜ் கத்தரியைக் கீழே வைக்கக்கூட இல்லை. "நாக்காலிய எடுத்துக்கவா?" என்றார். டெம்போ டிரைவர் சிரித்தார், ஆனால் கையெழுத்துப் போடவில்லை. ஒரு கையெழுத்துகூட இல்லாமல் திரும்பினேன்.

இந்த ஊர்க்காரர்கள் பணத்தைவிட வேறு எதையோ கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

ஆணையரிடம் போய்ச் சொன்னேன். மொய் என் பேரில் வந்தது. அதனால் அது என் பணம். என் பணத்தை நான் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகத் தருகிறேன். ஒரே ஆள், ஒரே கையெழுத்து. ஊருக்கு நான் கடன்காரி, அது என் பாடு.

அவர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். தடுக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

"மேடம், ஊரே உங்க கிட்ட வசூலிக்க வருமே."

"எல்லார் வீட்டுலயும் ஒரே நாள்ல காது குத்த மாட்டாங்க சார். வருசத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா வரும். அஞ்சு வருசம் கழிச்சு நானும் மறுபடி விருந்து வைப்பேன். இந்த ஊரே அப்படித்தான் ஓடுது."

"உங்க கான்ட்ராக்ட் டிசம்பரோட முடியுதே. அப்புறம்?"

"அப்புறமும் விசேஷத்துக்குப் போகணும்."

விதிப்புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, அருங்காட்சியகம் திறந்தால் நுழைவுச் சீட்டு வசூலில் ஒரு பங்கை இந்த மொய்யைத் திருப்பிச் செய்ய ஒதுக்கத் தீர்மானம் கொண்டுவரலாம் என்று அவராகவே சொன்னார். விதிப்புத்தகத்தைப் பார்க்காமல் அவர் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

கையெழுத்துப் போட்டேன். எனக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை. சாப்பிடும்போது அதை நினைத்துச் சிரிப்பு வந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

மாநகராட்சிப் பங்கு கட்டியாயிற்று. இனி சங்கத்துப் பங்கு. அது வராவிட்டால் கட்டியதும் வீண், பொருட்களைச் சென்னைக்கு ஏற்றிப் போக லாரி வந்துவிடும்.

இன்று ஒரு பத்திரிகை வந்தது. வீரசேகரன் பேத்திக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. எல்லா அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறார், உறையில் பேர்கூட இல்லை, "காப்பாட்சியர்" என்று மட்டும் போட்டிருக்கிறது. மீனலோசனிக்குப் போன் செய்தேன்.

"போகாதிய. அந்த ஆளு ஒங்களுக்கு ஒரு ரூவா செய்யல. நீங்க போகணும்னு கடம இல்ல."

கடமை இல்லை என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. அவர் எனக்குச் செய்யாததால் நான் அவருக்குக் கடன்படவில்லை. நான் முதலில் செய்தால் என்ன ஆகும்?

செப்டம்பர் 14, ஞாயிறு

கல்யாண மண்டபம் நிறைய ஆட்கள். குழந்தை மாமா மடியில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. எனக்கு வாசலில் பன்னீர் தெளித்தார்கள், யார் என்று யாரும் கேட்கவில்லை. நேராக மொய் மேசைக்குப் போய், என் மாதச் சம்பளத்தில் பாலுக்கும் வாடகைக்கும் போக மீதியெல்லாம் வைத்தேன். எழுதுகிறவர் பழைய நடை எவ்வளவு என்று கேட்டார். எதுவுமில்லை, எல்லாமே புது நடை என்றேன். அவர் பேனா ஒரு கணம் நின்றது.

இங்கே பெரிய மொய்யை மைக்கில் சொல்வது வழக்கம். "மியூசியம் எஸ்தர் செல்வகனி அம்மா, புது நடை" என்று தொகையோடு மண்டபம் முழுக்கக் கேட்டது. பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். வீரசேகரன் வாழைத்தண்டுக் கூட்டு பரிமாறிக்கொண்டிருந்தவர், அப்படியே கரண்டியோடு நின்றுவிட்டார். நான் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். கூட்டு நன்றாக இருந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையிலேயே படியில் கனமான காலடிச் சத்தம். வீரசேகரன். இந்த மாடிக்கு அவர் வந்தது இதுவே முதல் முறை. பொருட்களைச் சுற்றிப் பார்ப்பதுபோல் நடந்தார். டாக்கீஸ் மணியைத் தட்டினார், சத்தம் கேட்டுத் தானே கொஞ்சம் மிரண்டார். கடைசியில் சலூன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டிய?"

"என்ன சார்?"

"ஊரே கேக்குது. மியூசியத்தம்மா ஒங்களுக்குச் செஞ்சிருக்கு, நீங்க மியூசியத்துக்கு என்ன செஞ்சியன்னு. எங்க அப்பா காலத்துலேர்ந்து எங்க குடும்பம் யாருக்கும் மொய்ப் பாக்கி வச்சதில்ல." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஒங்க வீட்டு விசேசம் எப்ப? சொல்லுங்க, திருப்பிச் செஞ்சிர்றேன்."

"எனக்கு என்ன விசேஷம் சார்? தனியாளு. மியூசியத்துக்குத் தளம் போடுற அன்னைக்குத்தான் என் வீட்டு விசேஷம்."

சங்கத்துப் பணம் வராமல் தளம் போட முடியாது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்தார், கோபமும் இருந்தது அதில். "அது சங்கத்துப் பணம். இது என் பணம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதிய."

"நான் குழப்பல. விசேஷம் எப்பன்னு நீங்கதான் கேட்டிய." இந்த ஊர்ப் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"நாளைக்குப் புரட்டாசி பொறக்குது. புரட்டாசியில யாரு விசேசம் வைப்பா? ஐப்பசிக்குப் போயிருமே."

"எனக்குப் புரட்டாசி கிடையாது சார்."

நான் கிறிஸ்தவள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். நாற்காலி பெடலை மிதித்து ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தார். பிறகு, அதுவரை நான் கேட்டிராத சின்னக் குரலில், "எங்க அப்பா பேரு?" என்றார்.

இரண்டு வருடமாக மன்றத்தில் தொண்டை கிழியக் கேட்டவர் இவர்தானா என்று இருந்தது. பாவமாகவும் இருந்தது. கூடத்துக்கு வைக்க என்னால் முடியாது, விதி மாறாது என்று நேராகச் சொன்னேன். "ஆனா நீங்க மொய் எழுதுறப்ப முத்தையா மகன்னுதானே மைக்ல சொல்லுவாங்க? ஊரே கேக்கும்."

எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார், புரட்டாசியில் கறி போட மாட்டீர்கள்தானே என்று. சாம்பார் சாதம் என்றேன்.

செப்டம்பர் 22, திங்கள்

சங்கத்தின் காசோலை வந்தது. ஆணையர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லாரி வராது. முன்கூடத்துக்குச் சென்டரிங் அடிக்க மேஸ்திரியை வரச் சொல்லியாயிற்று.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று முன்கூடத்துக்குத் தளம் போட்டார்கள். கலவை மெஷின் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. சித்தாள்கள், மேஸ்திரிகள், கவுன்சிலர்கள், பொருள் கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே பந்தியில் சாம்பார் சாதம் சாப்பிட்டார்கள். சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கல், யாரும் சொல்லவில்லை. காதர் மஸ்தான் பாய் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு கலவை கொட்டுவதைக் காட்டினார்.

வீரசேகரன் குடும்பத்தோடு வந்தார். மெஷினைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். மைக்கில், "காலஞ்சென்ற முத்தையா மகன் வீரசேகரன்" என்று சொன்னார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, மேலே சென்டரிங் பலகையைப் பார்த்தபடி கேட்டார். முடிந்ததும் மைக்செட்காரரிடம் போய், "இன்னொருக்கா சொல்லுப்பா, மெசின் சத்தத்துல கேக்கல" என்றார். மெஷின் அப்போது ஓடவில்லை. இரண்டாம் முறையும் சொன்னார்கள்.

நான் செய்ததை அவர் அப்படியே திருப்பித் தந்து கணக்கை முடித்துக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். அவர் அதைப் பழைய நடை என்று எழுதச் சொன்னார். அதன்மேல் இன்னொரு மடங்கு வைத்து, புது நடை என்று எழுதச் சொன்னார். என்னைப் பார்க்காமல் கை கழுவப் போய்விட்டார்.

ஆக, இப்போது நான் அவருக்கும் கடன்காரி. அவர் வீட்டில் அடுத்த பெரிய விசேஷம் அந்தப் பேத்தியின் கல்யாணமாகத்தான் இருக்கும். அவளுக்கு வயது ஒன்று. அதுவரை நான் இந்த ஊரில் இருந்தாக வேண்டும்.